பல மீன் தொட்டிகளுக்கான தானியங்கி நீர்மாற்றம்: அறிகுறியிலிருந்து பிழையைக் கண்டறிதல்

பல தொட்டிகளுக்குத் தானாக நீர் மாறும் அமைப்பை நிறுவுவது ஓரிரு நாள் வேலை. நேற்றுவரை ஒழுங்காக ஓடியது இன்று ஏன் தகராறு செய்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வாரக்கணக்கில் இழுக்கும். கீழே சொல்லப்படுவன எல்லாம் சொட்டு நீர் வகை அமைப்பை மனத்தில் கொண்டவை. வரத்துக் குழாயில் முதலில் மணலையும் கசடையும் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டர், அடுத்து குளோரினை நீக்கும் கார்பன் ஃபில்டர், அதன்பின் டைமருடன் இணைந்த, மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு, அங்கிருந்து தொட்டிகளின் மேலாக ஓடும் மெல்லிய கருப்புக் குழாய், அதில் தொட்டிக்கு ஒன்றாகச் சொட்டுவான்கள் இருக்கும். மறுபுறம் ஒவ்வொரு தொட்டியின் கண்ணாடியிலும் துளையிட்டு டேங்க் நிப்பிள் (துளையில் கசியாமல் குழாயை இணைக்கும் துண்டு) பொருத்திய வழிதுளையும், அவை எல்லாம் சேரும் பொது வடிகுழாயும் இருக்கும். உள்ளே எவ்வளவு சொட்டுகிறதோ அவ்வளவு வெளியே வழிந்துவிடும்.

தொட்டிகள் வெவ்வேறு அளவில் இருந்தாலும் டைமர் ஒன்றே போதும். 50, 100, 200 லிட்டர் தொட்டிகளுக்கு முறையே மணிக்கு 2, 4, 8 லிட்டர் விடும் சொட்டுவான்களைப் போட்டு, நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் வால்வைத் திறந்தால், மூன்றிலும் பத்தில் ஒரு பங்கு நீர் மாறும். பிழை தேடும்போது இந்தக் கணக்குத்தான் அளவுகோல். சொட்டுவானின் அடியில் அளவுக்குவளையை வைத்து 6 நிமிடம் பிடித்துப் பாருங்கள். பிடித்த நீரைப் பத்தால் பெருக்கினால் மணிக்கு வரும் அளவு கிடைத்துவிடும். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் என்றால் குவளையில் 400 மில்லி இருக்க வேண்டும். கடிகாரமும் குவளையும் இல்லாமல், “சரியாகத்தான் சொட்டுகிறது” என்று கண்ணால் பார்த்துச் சொல்வதை நான் நம்புவதில்லை. பாதியாகக் குறைந்த சொட்டும் பார்வைக்கு முழுச் சொட்டுப் போலவே இருக்கும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் வரத்தைப் பார்க்கும் முன் வடிகாலைப் பார்ப்பது என் வழக்கம். வால்வும் டைமரும் சத்தம் போடும், விளக்கு எரியும், அதனால் நம் கவனம் தானாக அங்கே போகிறது. வழிதுளையோ சத்தமில்லாமல் அடைத்துக்கொள்ளும். வீட்டுத் தரையை நனைப்பதும் பெரும்பாலும் அதுதான்.

நீர்மட்டம் மெல்ல மெல்ல ஏறுகிறது

முதலில் டைமரை நிறுத்திவிடுங்கள். பிறகு, மட்டம் ஏறியிருப்பது ஒரு தொட்டியில் மட்டுமா, வரிசையின் கடைசியில் உள்ளவற்றிலா, எல்லாவற்றிலுமா என்று பாருங்கள். வழக்கமான நீர்மட்டத்தைக் கண்ணாடியில் ஒரு மார்க்கர் கோடாகப் போட்டு வைத்திருந்தால் இதற்கு ஒரு பார்வையே போதும்.

ஒரு தொட்டியில் மட்டும் என்றால் அடைப்பு அதன் வழிதுளையில்தான். இலை, நத்தை, பாசி என எதுவும் காரணமாகலாம். ஆனால் அதிகம் ஏமாற்றுவது நாமே போட்ட வலை. இறால் குஞ்சுகள் வடிகாலில் போய்விடக் கூடாதே என்று ஒரு தொட்டியின் வழிதுளைக்கு மிக நுண்ணிய நைலான் வலையை நான் தட்டையாகக் கட்டிவைத்தேன். மூன்று வாரம் எந்தக் குறையும் இல்லை. ஒருநாள் விடியலில் அந்த அறைக்குள் கால் வைத்ததும் கால்மிதியிலிருந்து நீர் பிதுங்கியது. வலையைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது பழுப்பு நிறத்தில் வழவழப்பான ஒரு படலம் கண்ணிகள் அத்தனையையும் மூடியிருந்தது, ஒளி புக ஓர் ஊசிமுனை இடம்கூட இல்லை. இலையோ நத்தையோ அங்கே இல்லை. நுண்ணுயிர்கள் வளர்வதற்கு வேண்டிய ஈரமும் ஓட்டமும் இரையும் அந்த வலையில் ஓயாமல் கிடைத்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

இதற்குத் தீர்வு வலையை எடுத்துவிடுவது அன்று, அதன் பரப்பைப் பெருக்குவது. துளையின் வாயில் தட்டையாக வலை கட்டாமல், விரல் நீளத்துக்குக் குறையாத எஃகு வலைக் குழலையோ கரடுமுரடான ஸ்பாஞ்சையோ செருகினால், பாதிப் பரப்பு அடைத்த பின்னும் மிச்சப் பாதி நீரைக் கடத்தும். அதையும் வாரம் ஒருமுறை பிழிந்து கழுவ வேண்டும். அதோடு, முதல் துளைக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே, வலை எதுவும் இல்லாத இரண்டாவது வழிதுளை ஒன்று இருப்பது நல்லது. ஏரிக்கு இன்னொரு கலிங்கு இருப்பதைப் போல அது பெரும்பாலும் வேலையில்லாமல் இருக்கும்; வேலை வரும் நாளில் வீட்டைக் காப்பாற்றும்.

வரிசையின் கடைசித் தொட்டிகளில் மட்டும் மட்டம் ஏறியிருந்தால் வடிகுழாயை அதன் நீளம் முழுக்கக் கையால் தடவிப் பாருங்கள். வளையும் ஹோஸ் குழாய் இரண்டு தாங்கிகளுக்கு நடுவே தொய்ந்துவிட்டால், தொய்வில் நீரும் கசடும் தங்கும். இரண்டு தொய்வுகளுக்கு இடையில் காற்று சிக்கி நீரை மறிக்கும் ஏர் லாக் ஆகிவிடும். சொட்டு நீரின் மெல்லிய ஓட்டத்துக்கு அந்தக் காற்றைத் தள்ளும் வலு கிடையாது. வடிகாலுக்கு விறைப்பான பிவிசி குழாயைப் போட்டு, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு கொடுத்து, உயரமான முனையில் மேல்நோக்கித் திறந்த ஒரு ‘T’ வடிவக் குழாய் இணைப்பைக் காற்றுப் போக்கியாக விட்டால் இந்தத் தொல்லை திரும்பாது. எல்லாத் தொட்டிகளிலும் ஒருசேர ஏறியிருந்தால், பொதுக் குழாய் வெளியேறும் முனைக்கே நேராகப் போய்விடலாம்.

சில தொட்டிகளுக்கு நீர் குறைவாக வருகிறது

ஆறு நிமிடக் குவளைச் சோதனையை எல்லாச் சொட்டுவான்களிலும் செய்து எழுதி வையுங்கள். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அது அடைப்பு. கடின நீரென்றால் சுண்ணாம்புப் படிவு. கழற்றி, வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, நன்றாக அலசிப் போடலாம், விலை குறைந்த பொருள் என்பதால் புதிதே மாட்டிவிடலாம். கருப்புக் குழாய்க்குப் பதில் ஒளி ஊடுருவும் குழாயைப் போட்டிருந்தால் அதன் உட்புறத்தில் வளரும் பாசி உரிந்து வந்து சொட்டுவான்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே இருக்கும். குழாயை மாற்றும்வரை இது ஓயாது.

மேல் அடுக்கில் குறைவாகவும் கீழ் அடுக்கில் கூடுதலாகவும் வந்தால் அது அழுத்தப் பிரச்சினை. நீர்க்கம்பத்தின் உயரம் 10 மீட்டருக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து 3 மீட்டர் இறக்கத்தில் வரும் நீருக்கு 0.3 பார்தான் உண்டு. அதற்கும் ஒரு மீட்டர் கீழே உள்ள அடுக்குக்கு 0.4 பார். சாதாரணச் சொட்டுவானில் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், கீழ் அடுக்குக்குச் சுமார் 15 சதவீதம் அதிகம் போகும். இதே ஒரு மீட்டர் வித்தியாசம் 2 பார் அழுத்தமுள்ள குழாயில் இரண்டரை சதவீதம்கூட ஆகாது. அழுத்தத்தை ஈடுசெய்யும் வகைச் சொட்டுவான்கள் இதற்கென்றே இருக்கின்றன என்றாலும், அவற்றில் பலவும் 1 பார் அளவுக்கு அழுத்தம் இருந்தால்தான் தம் வேலையைச் செய்யும். மேல்நிலைத் தொட்டியின் 0.3 பாரை நம்பி அவற்றை மாட்டிவிட்டு, பொருள் மட்டம் என்று திட்டுவதில் நியாயமில்லை. ஒரு சிறு பூஸ்டர் பம்ப் வையுங்கள், அல்லது அடுக்குக்குத் தக்கபடி சொட்டுவானின் எண்ணிக்கையை மாற்றுங்கள்.

அழுத்தம் போதுமானதாக இருந்தும் மேல் அடுக்கு பின்தங்கினால், டைமரின் தவணை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். வால்வு மூடியதும் குழாயில் மிஞ்சிய நீர் தாழ்வான சொட்டுவான் வழியாக வடிந்துவிடுகிறது. அடுத்த முறை திறக்கும்போது காலியான குழாய் நிரம்பிய பிறகே மேல் அடுக்கில் சொட்டத் தொடங்கும். ஒரு தவணை 10 நிமிடம், குழாய் நிரம்ப 2 நிமிடம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. பல குறுந்தவணைகளை ஒரு நெடுந்தவணையாக்கினாலே சரியாகிவிடும். இல்லையென்றால், அழுத்தம் குறைந்ததும் தானே மூடிக்கொள்ளும் சொட்டுவான் வகை இருக்கிறது.

வால்வு மூடியிருக்கும்போது ஒரு தொட்டியில் நீர் குறைந்து, இன்னொன்றிலிருந்து வழிகிறது

சத்தம் கேட்கக் கூடாது என்று சொட்டுக் குழாயின் முனையை நீருக்குள் அமிழ்த்தி வைத்திருப்பீர்கள். வால்வு மூடியபின் அந்தக் குழாய் எல்லாத் தொட்டிகளையும் இணைக்கும் சைஃபனாக (நீரைத் தானே உறிஞ்சி இறக்கும் குழாயாக) மாறி, உயரத்தில் இருக்கும் தொட்டியின் நீரைத் தாழ்வான தொட்டிக்கு இரவு முழுக்க இறக்குகிறது. நீர் மட்டுமா போகிறது, ஒரு தொட்டியின் நோயும் சேர்ந்து போகிறது. தனித்தனி வழிதுளை வைத்துத் தொட்டிகளைப் பிரித்ததன் பயனே கெட்டுவிடும். முனை எப்போதும் நீர்ப்பரப்புக்கு மேலே, குறைந்தது மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்க வேண்டும். வீட்டுக் குடிநீர்க் குழாயோடு நேரடி இணைப்பு இருந்தால் இந்த இடைவெளி கட்டாயம். தொட்டி நீர் குடிநீருக்குள் உறிஞ்சப்படும் ஆபத்தை, நீரை ஒரே திசையில் மட்டும் விடும் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வை மட்டும் நம்பி விட்டுவைக்கக் கூடாது.

நீர் தினமும் மாறுகிறது, நைட்ரேட் மட்டும் இறங்கவில்லை

நைட்ரேட் என்பது மீன் கழிவும் மிச்சத் தீனியும் சிதைந்து கடைசியில் நீரில் சேரும் பொருள். அது இறங்காதது பல வேளை பிழையே அன்று, கணக்கு தெரியாமல் வந்த ஏமாற்றம். சொட்டுச் சொட்டாக மாற்றும்போது புது நீரும் பழைய நீரோடு கலந்து வழிந்துபோகிறது. 100 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 10 லிட்டர் வீதம் ஒரு வாரத்தில் 70 லிட்டர் விட்டாலும் உண்மையில் மாறியிருப்பது பாதி நீர்தான். தொட்டியில் தினமும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் நைட்ரேட் உருவாகி, தினமும் பத்தில் ஒரு பங்கு நீர் மாறினால், அளவு 20 மில்லிகிராமில் போய் நிலைக்கும். எத்தனை மாதம் காத்திருந்தாலும் அதற்குக் கீழே வராது. வரத்து நீரிலேயே 10 மில்லிகிராம் இருந்தால் 30-இல் நிற்கும். இறக்க வேண்டுமென்றால் டைமர் நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது தீனியைக் குறையுங்கள்.

நைட்ரேட் ஓரிடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறதென்றால் அது வேறு கதை. டிடிஎஸ் மீட்டரை, அதாவது நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவியை, கையில் எடுங்கள். ஆவியாதலால் தொட்டியின் டிடிஎஸ் வரத்து நீரைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு: தினமும் 10 லிட்டர் வந்து, அதில் 2 லிட்டர் ஆவியாகி, 8 லிட்டர் வழிந்தால், வரத்தில் 200 இருப்பது தொட்டியில் 250 ஆகும். உரமும் தீனியும் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். இந்த இடைவெளி வாரா வாரம் விரிந்துகொண்டே போனால், புது நீர் தொட்டியின் நீரோடு கலக்கவே இல்லை, அல்லது போதுமான அளவு வரவே இல்லை. வரத்தைக் குவளை சொல்லிவிடும். கலப்பதைப் பார்க்கச் சொட்டு விழும் இடத்தில் சில துளி உணவு நிறத்தை விடுங்கள். நிறம் பரவாமல் ஒரு நாடாவைப் போல நேரே வழிதுளைக்குப் போனால், சொட்டுவானை எதிர் மூலைக்கு மாற்ற வேண்டும். ஃபில்டர் நன்றாகச் சுழற்றும் தொட்டியில் இது அரிது. நீர்மாற்ற நேரத்தில் ஃபில்டரை நிறுத்தும்படி டைமரில் வைத்திருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் நேர்கிறது.

நீர் மாறும் நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்குகின்றன

உடனே வால்வை மூடி, குமிழ் விடும் காற்றுக் கல்லைப் போட்டுவிட்டு, கார்பன் ஃபில்டரிலிருந்து வெளிவரும் நீரைச் சோதியுங்கள். சோதிக்க வேண்டியது மொத்தக் குளோரின். தனிக் குளோரின் மட்டும் காட்டும் சோதனைப் பட்டை, குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த நீரைச் சுத்தம் என்று சொல்லிவிடும். உலக சுகாதார அமைப்பு குடிநீருக்கு வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராம் குளோரின். நன்னீர் உயிர்கள் நீண்டநாள் தாங்கும் அளவாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1984-இல் வகுத்ததோ லிட்டருக்கு 0.011 மில்லிகிராம். நாம் குடிக்கும் நீர்தானே என்ற சமாதானம் மீனிடம் செல்லாது. 1 மில்லிகிராம் குளோரின் உள்ள நீரைப் பத்தில் ஒரு பங்கு விரைந்து விட்டாலே தொட்டியில் 0.1 வரை போகலாம். கொஞ்சம்தானே சொட்டுகிறது, ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களோடு நான் உடன்படாததற்கு இந்தக் கணக்குத்தான் காரணம்.

சோதனையில் குளோரின் தெரிந்தால் கார்பன் தீர்ந்திருக்கும், அல்லது அதன் தாங்குதிறனுக்கு மேல் வேகமாக நீர் ஓடுகிறது. குளோரமின் என்றால் நீர் கார்பனைத் தொட்டிருக்கும் நேரம் இன்னும் நீள வேண்டும். குளோரமினை உடைப்பதற்கென்றே பதப்படுத்திய கேட்டலிடிக் கார்பன் நல்லது. குளோரமின் உடையும்போது அமோனியா மிஞ்சும் என்பதையும் மறக்கக் கூடாது. நன்கு பழகிய ஃபில்டரில் வாழும் நுண்ணுயிர்கள் அந்தச் சிறு அளவைத் தின்றுவிடும், புதுத் தொட்டியின் ஃபில்டர் தின்னாது. நீரைப் பாத்திரத்தில் ஒரு நாள் காற்றோட்டமாக வைத்தால் குளோரின் போய்விடும் என்ற பழைய வழி குளோரமினுக்குப் பலிக்காது.

குளோரின் இல்லை, ஆனால் கண்ணாடியிலும் துடுப்புகளிலும் பொடிக் குமிழ்கள் ஒட்டியிருக்கின்றன என்றால், அழுத்தத்தில் இருந்த குளிர்ந்த நீர் தொட்டியின் சூட்டில் தன்னுள் கரைந்த வாயுவை விடுகிறது. அது மீனின் இரத்தத்திலும் குமிழாகும். நீரை நேரே விடாமல், ஒரு பாத்திரத்தில் தேக்கி, காற்று அடித்து, பிறகு பம்ப் மூலம் சொட்டவிடுவதுதான் வழி. மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. பல மாதம் நீரே மாற்றாத பழைய தொட்டியில் புதிதாக இந்த அமைப்பை மாட்டி முதல் நாளே முழு அளவில் ஓடவிட்டால், அமிலமாகிப் போயிருந்த நீரின் பிஎச் ஏறி, அதுவரை அடங்கியிருந்த அமோனியம் நச்சு அமோனியாவாக மாறும். அத்தகைய தொட்டிக்கு நாளுக்கு 2 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

வெப்பம் குறைகிறது

பெரும்பாலும் வீண் கவலை. 26 டிகிரித் தொட்டியில் 18 டிகிரி நீர் மணிக்கு 2 லிட்டர் சொட்டினால், அதைச் சூடாக்க 19 வாட் போதும். ஆனாலும் வெப்பம் இறங்கினால் ஹீட்டரைச் சோதியுங்கள்.

வால்வு மூடிய பின்னும் சொட்டுகிறது, அல்லது திறக்கவே மறுக்கிறது

சோலினாய்டின் மின்சாரத்தை முழுதாகத் துண்டியுங்கள். துண்டித்ததும் சொட்டு நின்றால் குற்றம் டைமரில். நிற்காவிட்டால் குற்றம் வால்வுக்குள். வரத்தை அடைத்து, மேல்மூடியின் திருகுகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வை எடுத்துப் பாருங்கள். அதன் இருக்கையில் ஒரு மணல் துகள் உட்கார்ந்திருந்தால் போதும், வால்வு முழுதாக மூடாது. சவ்வின் ஓரத்தில் குண்டூசித் தலையைவிடச் சிறிய துளை ஒன்று இருக்கும். அதன் வழியாக நீர் மேலே புகுந்து அழுத்தினால்தான் சவ்வு கீழே அமரும் என்பதால், அது அடைத்தாலும் வால்வு திறந்தபடியே நிற்கும். இந்தத் துளையைப் பார்க்காமல் வால்வையே தூக்கிப் போடுபவர்கள் நிறையப் பேர். கழுவி மாட்டும்போது உடலில் உள்ள அம்புக்குறி நீரோடும் திசையில் இருக்கட்டும்.

மின்சாரம் கொடுத்ததும் ‘டக்’ என்ற சத்தம் கேட்டும் நீர் வரவில்லை என்றால் அழுத்தம் போதவில்லை. இந்தச் சவ்வு வகை வால்வுகள் பலவும் 0.2 முதல் 0.5 பார் வரை வேறுபாடு இருந்தால்தான் திறக்கும். மேல்நிலைத் தொட்டிக்கு நேரடியாக இயங்கும் வகையை வாங்க வேண்டும். சத்தமே கேட்கவில்லை என்றால் சுருள் எரிந்திருக்கும்.

வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் சொட்டுவான் அமைப்பில் மணிக்கு 8 லிட்டருக்கு மேல் ஒரு தொட்டிக்கு வர வழியில்லை, வழிதுளை திறந்திருந்தால் அது தாராளமாக வடிந்துவிடும். திறந்த குழாயால் தொட்டியை நிரப்பும் அமைப்புகளை நான் வீட்டுக்குள் விரும்பாததற்கு இதுவே காரணம். தயக்கம் இருந்தால் இரண்டு வால்வுகளை அடுத்தடுத்துப் பொருத்துங்கள்.

வடிகாலில் களகளச் சத்தம்

வழிதுளைக் குழாய் அவ்வப்போது முழுதாக நிரம்பிச் சைஃபனாகி, காற்றை இழுத்து அறுபடுகிறது. குழாயின் மேல்வளைவில் ஒரு சிறு காற்றுத் துளை போட்டால் அடங்கிவிடும்.

கடல்நீர்த் தொட்டியில் உப்பளவு இறங்குகிறது

இங்கே வழிதுளைக்குப் பதில், குழாயை நசுக்கி நீரைத் தள்ளும் இரட்டைத் தலைப் பெரிஸ்டால்டிக் பம்ப் இருக்கும்: ஒரு தலை பழைய நீரை எடுக்கும், மறு தலை புது உப்புநீரை விடும். இரண்டும் சமம் என்று நாம் நினைத்திருக்க, உள்ளே நசுங்கிச் சுழலும் சிலிக்கோன் குழாய் இரண்டு தலைகளிலும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. தினமும் 10 லிட்டர் உள்ளே, 11 லிட்டர் வெளியே என்று ஆகிவிட்டால், குறைந்த ஒரு லிட்டரை ஆவியாதல் என்று எண்ணி, ஆவியான நீரை ஈடுசெய்ய வைத்த தானியங்கி நிரப்பி நன்னீரால் ஈடுகட்டும். நீர்மட்டம் அப்படியே இருக்கும், யாருக்கும் ஐயம் வராது. உப்பளவு மட்டும் ஆயிரத்துக்கு 35-இலிருந்து மெல்ல இறங்கி 31.8-இல் போய் நிற்கும். வேறுபாடு 2 சதவீதம் என்றால் 34.3-இல் நின்றுவிடும், அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. வெளியேறுவது குறைந்து உள்ளே வருவது மிகுந்தால் நேர் எதிராக நடக்கும்: ஆவியான இடத்தை உப்புநீர் நிரப்ப, நன்னீர் நிரப்பி வேலையின்றி இருக்க, உப்பளவு ஏறும். நன்னீர் நிரப்பி வழக்கத்தைவிடக் குறைவாகவோ அதிகமாகவோ ஓடுகிறதா என்று கவனிப்பதே இதைக் கண்டுபிடிக்கும் குறுக்குவழி.

இரண்டு தலைகளின் குழாய்களையும் ஒன்றாகவே மாற்றி, இரண்டையும் குவளையில் அளந்து சமப்படுத்துங்கள். நீர்மாற்றம் நடக்கும் நேரத்திலும் அதன்பின் சிறிது நேரத்துக்கும் நன்னீர் நிரப்பியை டைமரால் நிறுத்தி வையுங்கள். இறங்கிப்போன உப்பளவைச் சரிசெய்யத் தொட்டிக்குள் உப்பைக் கொட்டாதீர்கள். தலைகள் சமமாகிவிட்டால், 100 லிட்டர் தொட்டியில் தினமும் 10 லிட்டராக உள்ளே வரும் 35 அளவு நீரே 31.8-ஐப் பத்து நாளில் 33.8-க்கு ஏற்றிவிடும், பவளங்கள் தாங்கும் வேகமும் அதுதான்.